அமெரிக்காக் கடையும் ஆறு மணி விளக்கும்

ஆவணி 9, திங்கள்

வெயில். ஆவணி என்று காலண்டர் சொல்கிறது, சித்திரை என்று என் முதுகு சொல்கிறது. காலையில் உளுந்து ஊறப்போட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. முழங்கால் வலி பரவாயில்லை.

எங்கள் மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டை இறக்கினார்களாம். இவர் சட்டையை உதறியதும் வீடு முழுக்கத் தும்மல். பூனைகூடத் தும்மியது.

சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல் சிவகாசிக்குப் போன். இவர் அண்ணன், பெரியத்தான், அங்கிருந்து; இவர் இங்கிருந்து. அமெரிக்காவில் பங்குச் சந்தை திறப்பது நம் ஏழு மணிக்கு. திறந்தவுடன் அண்ணனும் தம்பியும் கடைப் பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் கடை இல்லை, அமெரிக்காக் கடை. அது ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. பெயர் என் வாயில் நுழையாததால் எனக்கு அது அமெரிக்காக் கடைதான்.

பங்குனியில் சிவகாசிக் கல்யாணத்தில் பெரியத்தான் மகள் காவ்யா இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சம்மதம் வாங்கி, சென்னைக்குத் திரும்பியதும் அங்கிருந்தே அந்தப் பங்கை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தாள். கெட்டிக்காரி. பங்கு ஏறுமா இறங்குமா என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம் என்று எனக்கு அப்போதே சந்தேகம். பிரிந்த பிறகு இவர்கள் கல்யாண வீட்டிலும் துஷ்டி வீட்டிலும் "சௌக்கியமா" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. இப்போது தினம் அரை மணி நேரம் பேச்சு.

இவர் போனை வைத்துவிட்டு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆவணி 11, புதன்

மேகம் கூடி, கூடி, மல்லாங்கிணறு பக்கம் போய்விட்டது. நமக்கு இல்லை.

கேஸ் தீர்ப்பு நெருங்குகிறதாம். அமெரிக்கச் சர்க்கார் போட்ட கேஸ். இந்தக் கம்பெனி பஜாரையே வளைத்துப் போட்டுக்கொண்டு மற்றவனைக் கடை போட விடவில்லை, அதனால் இதை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும் என்று சர்க்கார் கேட்கிறது. ஜட்ஜ் பிரிக்கச் சொல்வாரா மாட்டாரா என்பதில் ஊர் உலகமே பந்தயம் கட்டுகிறதாம். எங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார்கள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்கிறேன்.

இவர்: "பங்கு பிரிஞ்ச கடைக்குப் பேரு நிக்காது அண்ணாச்சி. எவன் கடன் கொடுப்பான்? பிரிக்கச் சொன்னா விலை விழுந்துரும்."

பெரியத்தான்: "ஏலே, ஒரு கடை ரெண்டு கடையானா ரெண்டு கல்லா. எப்படிப் போனாலும் நட்டமில்ல. கம்முன்னு வச்சிருப்போம்."

இவர்: "சொல்லுததுக்கு நல்லாத்தான் இருக்கு. பிரிஞ்சா என்னாகும்னு நமக்குத் தெரியாதாக்கும்?"

நான் வெங்காயத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பெரியத்தான் தொண்டையைக் கனைத்து, தீபாவளி லேபிள் ஆர்டர் இந்த வருஷம் கூடுதல், மிஷின் நிற்கவே இல்லை என்று பேச்சை மாற்றினார்.

பிரிந்த கதை: மாமனார் காலமானதும் சிவகாசி அச்சாபீஸ் அண்ணனுக்கு, விருதுநகர் வத்தல் மண்டி தம்பிக்கு. சண்டையில்லாமல்தான் பிரித்தார்கள். பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வத்தல் விலை கிடுகிடுவென்று ஏறியது, கிட்டங்கி நிறைய மூட்டை. "தம்பிக்கு முன்னமே தெரியும், தெரிஞ்சுதான் மண்டியைக் கேட்டு வாங்கிக்கிட்டான்" என்று பஜாரில் யாரோ அண்ணன் காதில் ஓதிவிட்டார்கள். இவருக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது. ஆனால் போய்ச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வீம்புக்கு இரண்டும் ஒரே அச்சு.

ஆவணி 12, வியாழன்

இட்லி கல். உளுந்து சரியில்லை. உளுந்து விற்கிற ஊரில் உளுந்து சரியில்லை!

டிவியில் கோட்டு போட்ட ஒருவர் ஜட்ஜ் பிரிக்கத்தான் போகிறார் என்றாராம். காலையில் இருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டிக்குப் போய்விட்டு அரை மணியில் திரும்பி வந்தார். மதியம் வெண்டைக்காய்ப் பொரியலைத் தொடவே இல்லை.

சிவகாசிக்குப் போன். "அண்ணாச்சி, நாளைக்கு ஏழு அடிச்சதும் ரெண்டு பேரும் வித்துருவோம். சனி, ஞாயிறு அங்க லீவு. தீர்ப்பு எப்ப வரும்னு தெரியல. கையில வச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்."

"எனக்கென்னமோ வச்சிருக்கலாம்னு படுதுலே."

"நான் சொல்லுதேன், வித்துருங்க."

கடைசியில் பெரியத்தான், "சரிலே. நீ சொன்னாச் சரி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே அடுப்பைப் பார்த்தேன்.

ஆவணி 13, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். மல்லிகை விலை கேட்டு மூச்சு நின்றுவிட்டது. அரளி வாங்கினேன். ஆறு மணிக்கு விளக்கு வைத்தாயிற்று.

ஏழாகப் போகிறது, இவர் போனோடு கூடத்தில். விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை. விளக்கு வச்சாச்சு."

"அதுக்கு?"

"அதுக்கா? விளக்கு வச்ச வீட்டுல இருந்து எதையும் வெளிய கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுக்கு உப்பே கொடுக்க மாட்டோம்."

"கிறுக்கச்சி. சரக்குதான் வெளிய போகுது. காசு உள்ள வருது. லட்சுமி வாரா, போகல."

"சரக்குதான லட்சுமி? உங்க மண்டியில வெள்ளிக்கிழமை விளக்குக்கு மேல ஒரு மூட்டையாவது வெளிய போயிருக்கா? லாரிக்காரன் வாசல்ல நின்னு கத்தினாலும் சனிக்கிழமை விடிஞ்சுதான லோடு ஏத்துவீக?"

யோசித்தார். அது உண்மை. மாமனார் காலத்தில் இருந்து அப்படித்தான். வாங்கும்போது காவ்யா வாங்கிக் கொடுத்தாள், சென்னை விளக்கு நம் கணக்கில் வராது. விற்பது நம் கூடத்தில் இருந்து. விரலை மடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டு, நான் விக்கலன்னு சொல்லிரவா?"

"அங்கயும் விளக்கு வச்சிருப்பாகள்ல. அவுக மட்டும் விப்பாகளா? ஒரே தாய் வளத்த பிள்ளைக."

"அதுவும் சரிதான். திங்கக்கிழமை பாத்துக்கிடுவோம்."

போன் போடவில்லை. அங்கேயிருந்தும் வரவில்லை. ரசம் சாதம், அப்பளம். படுத்தோம்.

ஆவணி 14, சனி

விடியக்காலை காவ்யா போன். "சித்தப்பா, தீர்ப்பு வந்துருச்சு! பிரிக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை பாருங்க, ராக்கெட்டு."

இவர் பல் தேய்க்காமல் சிவகாசிக்குப் போன் போட்டார். சின்னப்பிள்ளை போல் கத்தினார்: "அண்ணாச்சி, பிரிக்கலயாம்! தப்பிச்சோம்!"

பெரியத்தான் சொன்னது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. "நான் நேத்தே வித்துட்டேனேலே. ஏழு அடிச்சதும். நீ?"

இவர், "பொறவு பேசுதேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தார். பிரஷ் கையில் அப்படியே.

நான் செய்த காரியம். விளக்கு விளக்கு என்று சொல்லி இவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். இப்போது பார்த்தால், அண்ணனை விற்கச் சொல்லிவிட்டுத் தம்பி சரக்கைப் பதுக்கினான் என்று ஆகிறது. வத்தல் கதை மறுபடியும்.

ஆவணி 16, திங்கள்

ஏறியது. சும்மா ஏறவில்லை, காவ்யா சொன்ன மாதிரியே. போனில் பச்சையாக ஓர் அம்பு மேலே மேலே போகிறது. இப்படி ஒரு லாபத்தைப் பார்த்து இரண்டு பேர் துக்க வீட்டில் போல் உட்கார்ந்திருப்பதை அந்த அமெரிக்காக்காரன் பார்த்தால் சிரிப்பான்.

ஏழு மணிக்கு போன் வரவில்லை. இவரும் போடவில்லை.

"நானும் வித்துட்டேன்னே சொல்லிரவா சரோ?"

"சொல்லுங்க. காவ்யா போனுல ரெண்டு பேரு கணக்கும் தெரியும். பொறவு அவ மூஞ்சியில முழிங்க."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்லுத?"

விடிந்தால் பேசிக்கொள்ளலாம் என்றேன். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே.

மளிகை: து.பருப்பு, பெருங்காயம், சோடா உப்பு, கொசுவத்தி. இவருக்கு பிரஷர் மாத்திரை (மறக்காதே).

ஆவணி 17, செவ்வாய்

இவர் மண்டிக்குப் போனதும் சிவகாசி அக்காவுக்கு நானே போன் போட்டேன். பாக்கியம் அக்கா, பெரியத்தான் வீட்டு அக்கா. ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் நாங்கள், எங்களுக்குள் என்ன வீம்பு. முதலில் மழை, அப்புறம் மருந்து, அப்புறம் மருமகள். கடைசியில் சொன்னேன்.

"அக்கா, இவுக விக்கல. வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பிறகு வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். வேற ஒண்ணுமில்லக்கா. நீங்களும் அப்படித்தான் நிறுத்திருப்பீகன்னு நினைச்சுட்டோம்."

அக்கா பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம்.

"நிறுத்தத்தான் பாத்தேன் சரோசா. நானும் அதையேதான் சொன்னேன். கேக்கல. இம்புட்டு நாள்ல வெள்ளிக்கிழமை விளக்குக்கு மேல அவுக ஒரு காரியம் பண்ணினது அன்னைக்குத்தான்."

"ஏங்க்கா?"

"'தம்பி இந்நேரம் வித்திருப்பான். நாளைக்கு விலை ஏறி, அவன் விட்டுட்டு நான் மட்டும் சம்பாதிச்சா நல்லாருக்காது பாக்கியம். நட்டமோ லாபமோ, இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கிடுதோம்'னாக. அதான் வித்தாக. அவுகளுக்கு விக்க மனசே இல்ல."

அக்கா, தாளிதம் கருகுது என்று வைத்துவிட்டாள்.

மதியம் இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்து, அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கை கழுவ எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை காய்ந்துவிட்டது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வத்தல் நெடி என்றார். இன்றைக்கு மண்டியில் கொத்தமல்லி மட்டும்தான்.

ஆவணி 19, வியாழன் (மறுநாள் காலையில் எழுதுகிறேன், நேற்று வரவே நேரமாகிவிட்டது)

சிவகாசிக்குக் கொண்டு போனவை:
பொரிச்ச பரோட்டா, எட்டு (அக்காவுக்குப் பிடிக்கும்)
கருவாடு
முருங்கைக்காய், நம் மரத்தது
இவர் புதுச் சட்டை (போட்டுக்கொண்டு)

ஆமத்தூர் தாண்டும் வரை இவர் பேசவில்லை. தாண்டியதும், "சரோ, நான் பேசிக்கிடுதேன். நீ இடையில பேசாத" என்றார். சரி என்றேன். எனக்குக் கஷ்டம்தான்.

அச்சாபீசில் மை வாடை, மிஷின் சத்தம். சீசன். வாசல் வரை லேபிள் கட்டு, எல்லாவற்றிலும் பூச்சட்டிப் பட்டாசுப் படம். பெரியத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார்.

"வாலே. வாம்மா சரோசா. இந்த வெயில்ல பஸ்ஸுலயா வந்தீக?"

இவர் உட்காரவில்லை. "அண்ணாச்சி, நான் விக்கல."

"பாக்கியம் சொன்னா."

"வேணும்னு பண்ணல."

"நான் கேட்டேனாலே? கேக்கலையே."

"அன்னைக்கும் நீங்க கேக்கல அண்ணாச்சி. வத்தல் ஏறினப்ப. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியத்தான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"கேட்டிருக்கலாம். ஊரான் பேச்சைக் கேட்டேன், உன்னைக் கேக்கல. நீயும் வந்து சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"தெரியுமாலே உனக்கு, அப்ப?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? ஏறுறதுக்கு மொத வாரம் நானே நூறு மூட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்."

பெரியத்தான் இவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கூமுட்டை" என்றார். இவரும் சிரித்தார். இத்தனை வருஷம் இரண்டு வீட்டை அடைத்துக்கொண்டு நின்ற விஷயம் இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. காப்பி வந்ததும் அது போய்விட்டது.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. இலையில் இவர் விஷயத்தை எடுத்தார். இருப்பதை விற்று, வந்த லாபத்தில் சரிபாதி அண்ணாச்சிக்கு என்றார்.

பெரியத்தான் மோரை ஊற்றிக்கொண்டே, "பிரிச்சுப் பிரிச்சு அலுத்துப் போச்சுலே. அமெரிக்கா ஜட்ஜே பிரிக்க வேண்டாம்னுட்டான். நமக்கெதுக்கு? பணம் உங்கிட்டயே கெடக்கட்டும், ரெண்டு பேருக்கும்னு கெடக்கட்டும்" என்றார்.

அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் போனேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்திரத்தை எடுத்து வைத்தோம், எடுத்து வைத்ததையே மறுபடி எடுத்து வைத்தோம்.

இன்றைக்கே விற்றுவிடுவது, இனி இந்தத் தலைவலி வேண்டாம் என்று முடிவு. வியாழக்கிழமைதான், தோஷமில்லை என்றார் பெரியத்தான். இந்த வீட்டில் எல்லா நாளும் தோஷம்தான் என்றாள் அக்கா. ஆறு மணிக்குத் தீப்பெட்டியை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டு, "இன்னைக்கு சாமி ஒரு மணி நேரம் பொறுக்கட்டும்" என்றாள். சிவகாசியில் தீப்பெட்டி இருந்தும் இருட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ஏழு அடித்தது. இவர் விரலை வைத்தார், பெரியத்தான் இவர் தோளில் கையை வைத்தார். விற்றாயிற்று. அப்புறம் அக்கா விளக்கு வைத்தாள்.

ஆவணி 20, வெள்ளி

காலையில் எழுதியதிலேயே கை வலிக்கிறது. மாவு அரைத்தேன். குழாயில் தண்ணீர் வந்தது.

ஏழு மணி. இவர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். பேப்பர் காலையிலேயே படித்தது. போன் வரவில்லை.

"நீங்க போடுங்களேன்."

"என்னத்தைப் பேச? பங்குதான் இல்லையே."

இதை நான் யோசிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கெட்டிக்காரத்தனமாக அந்தப் பங்கை விற்றுவிட்டோம். ஏறுமா இறங்குமா என்று ஒரு சாக்கு இருந்தது, அதையும் விற்றுவிட்டோம். பாழாய்ப்போன கேஸ் இன்னும் நாலு வருஷம் இழுத்திருக்கக் கூடாதா? எனக்கு அழுகை வந்தது. இவர் ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

ஆவணி 22, ஞாயிறு

மத்தியானம் திடீரென்று மழை. வாசலில் காயப்போட்ட மிளகாய் நனைந்தது, பரவாயில்லை. மண் வாசனை. கொடியில் துணி எடுக்க ஓடி முழங்கால் பிடித்துக்கொண்டது. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

நேற்றும் போன் இல்லை. சனி ஞாயிறு எப்போதுமே இல்லைதான், அங்கே சந்தை லீவு.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. நான் அடுக்களையில். இவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, அமெரிக்காவுல லீவுல்ல?"

"அவன் லீவு விட்டா எனக்கென்னலே? மழ பெஞ்சுச்சா அங்க? என்ன குழம்பு இன்னைக்கு?"

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன குழம்பு?" என்று என்னைக் கேட்டார்.

புளிக்குழம்பு என்றேன்.